ராத்திரி பதினொரு மணி சிப்ஸ் பற்றி

கேள்வி இது. குமரி மாவட்டம் குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்வரும் 36 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். ஆறு வருஷமாக ஏதாவது ஒரு டயட். சோறு, மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி), ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) மூன்றையும் ‘விட்டாச்சு’. பகல் முழுக்கக் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு வீடு அடங்கினதும் அடுக்களையில் நின்றபடியே ஒரு பாக்கெட் ஏத்தங்காய் சிப்ஸைத் தீர்த்துவிடுகிறார். அப்புறம் அழுகை. மறுநாள் அதற்குப் பிராயச்சித்தமாக இன்னும் குறைவான சாப்பாடு. மூன்று மாத சராசரிச் சர்க்கரை (HbA1c) 5.9 சதவீதம். ஒன்பது வயது மகள் இப்போது அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது குண்டாக்குமா அம்மா?’ என்று கேட்கிறாளாம். ‘எனக்கு மட்டும் ஏன் மனக்கட்டுப்பாடு இல்லை?’ என்று முடித்திருக்கிறார். மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பற்றியும் ஒன்று கேட்டிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மனக்கட்டுப்பாடு. உங்கள் ஒரு நாள் சாப்பாட்டை எழுதி அனுப்பியிருந்தீர்கள். காலையில் கிரீன் டீ. மதியம் ரெண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய். சாயங்காலம் கட்டன் சாயா (பால் இல்லாத டீ). ராத்திரி ஒரு கிண்ணம் ஓட்ஸ். தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 700 கலோரியைத் தாண்டாது. ஒரு நாளைக்கு 700 கலோரியில் ரயில் ஏறி, எட்டு மணி நேரம் வேலை பார்த்து, திரும்பி வந்து சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தரைப் பார்த்துக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு இருப்பது பசி. பகலில் அதற்குப் பதில் சொல்லாததால் அது ராத்திரி பதினொரு மணிக்கு வந்து நிற்கிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 கடைசியில் ஒரு சோதனை தொடங்கினார்கள். நடத்தியவர் ஆன்செல் கீஸ். போர் முடிந்ததும் பட்டினியில் கிடக்கும் ஐரோப்பிய மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உடலும் மனமும் உறுதியான 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, 24 வாரம் அரைப்பட்டினி போட்டார்கள். அரைப்பட்டினி என்றால் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. நீங்கள் சாப்பிடுவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அதிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனது. சமையலில் அதுவரை ஆர்வமே இல்லாதவர்கள் சமையல் குறிப்பு சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து இஷ்டம்போலச் சாப்பிடலாம் என்று விட்டபோது, வயிறு நிறைந்த பிறகும் நிறைந்ததாகத் தோன்றவில்லை, நிறுத்த முடியவில்லை. மனவுறுதி பார்த்துப் பொறுக்கியெடுத்த ஆட்களுக்கே இந்த நிலை.

உடம்பு இதைச் சீக்கிரம் மறப்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து எடை குறைக்க வைத்தார்கள். முடிவு 2011ல் வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்தும் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியே இருந்தது, ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் இறங்கியே இருந்தது. ஆறு வருஷம் டயட்டில் இருந்தவருக்குப் ‘போதும்’ என்ற குரல் கேட்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

இது உடம்பின் பக்கம். சிப்ஸ் பாக்கெட் முழுக்கத் தீர்ந்துபோவதற்கு மனசின் பக்கமும் ஒரு காரணம் உண்டு. 1975ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்து, ‘ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்’ என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் உள்ளே போயிருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட்டில் இருக்கிறவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்; நமக்கு அது தேவையில்லை, ‘முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு’ என்று நம் பாட்டிமார் சொல்லிவிட்டார்கள். விதி உடைந்துவிட்டது, இன்றைக்கு நாள் போச்சு, நாளையிலிருந்து மறுபடி சுத்தமாக இருக்கலாம், அதனால் இருக்கிறதையெல்லாம் இன்றைக்கே தின்றுவிடு. நீங்கள் பாக்கெட்டைப் பாதியில் மூடி வைக்காததற்குக் காரணம் இதுதான். நாளைக்கு அது கிடைக்காது என்று உங்களுக்கே நீங்கள் உத்தரவு போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் ‘கூடாது’ என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன். பதினொரு இடத்தில் இருக்கிறது. ‘வேண்டாம்’ ஓர் இடத்தில்கூட இல்லை. ‘சாப்பிடக்கூடாது’ என்பதில் யாரோ ஒருவர் பிரம்போடு நிற்கிறார். டாக்டரோ, யூடியூப்காரரோ, ஜிம் பையனோ, அல்லது கண்ணாடியில் தெரியும் நீங்களோ. ‘எனக்கு வேண்டாம்’ என்பதில் நீங்கள் மட்டும்தான். அமெரிக்காவில் 2012ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆசையை மறுக்கும்போது ‘நான் அதைச் சாப்பிடக்கூடாது’ என்று தங்களிடம் சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘நான் அதைச் சாப்பிடுவதில்லை’ என்று சொல்லிக்கொண்டவர்கள் சொன்ன சொல்லில் நின்றார்கள். பொருள் ஒன்றுதான், சொல் யாருடையது என்பதில்தான் வித்தியாசம். ஆனால் ஒன்று கவனியுங்கள். சாப்பிடலாம் என்ற வழி திறந்திருக்கும்போதுதான் ‘வேண்டாம்’ உண்மையாக வாயில் வரும். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று ‘எனக்கு உள்ளே போக விருப்பமில்லை’ என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

இனி அந்த மரச்சீனி.

எல்லா டயட் சார்ட்டும் முதல் வெட்டு வெட்டுவது இதைத்தான், பாவம். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போனால் ‘கப்ப’, இந்தப் பக்கம் மரச்சீனி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதைப் பயிரிடச் சொல்லிப் பரப்பினார் என்பது இரண்டு பக்கமும் தெரிந்த கதை. நம் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தத் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. இரண்டாம் உலகப்போரில் 1942ல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசி வரவு நின்றபோது, இந்த மலையாள, தமிழ் வீடுகளில் உலை கொதித்ததற்கு இந்தக் கிழங்கு ஒரு பெரிய காரணம். இன்றைக்கும் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் கிழங்குகளுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்கள் ஆபீசிலிருந்து எட்டிவிடும் தூரம்.

கிழங்கை நான் புகழ்ந்துகொண்டே போகவில்லை. 100 கிராம் பச்சைக் கிழங்கில் 160 கலோரி, கிட்டத்தட்ட 38 கிராம் மாவுச்சத்து. புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. இதை மட்டும் வயிறு நிறையத் தின்றால் சர்க்கரை ஏறும், சத்தும் கிடைக்காது. சயனைடு விஷயமும் உண்டு, அதனால்தான் வீட்டில் துண்டுபோட்டு நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்கள். அதைச் சுருக்கிக் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் நம் ஊரில் யார் கிழங்கை மட்டும் தின்கிறார்கள்? பக்கத்தில் சாளை (மத்தி) மீன் கறி இருக்கும். 100 கிராம் சாளையில் இருபது கிராமுக்கு நெருக்கமான புரதம், நல்ல கொழுப்பு, கடல் மீன் என்பதால் அயோடின். மரச்சீனி அதிகம் தின்றால் உடம்பில் அயோடின் வேலையைக் கெடுக்கும் ஒரு பொருள் சேரும். அதற்கு மாற்று மீன் சட்டியிலேயே இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டா நம் ஆட்கள் சேர்த்துச் சாப்பிட்டார்கள் என்றால், இல்லை. தேங்காப்பட்டினத்திலிருந்து மீன் வந்தது, விளையில் கிழங்கு விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் சேர்க்கை நல்ல சேர்க்கை.

நீங்கள் விட்டது கிழங்கை. தின்றது சிப்ஸை. 100 கிராம் ஏத்தங்காய் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல். நாலு துண்டு அவித்த கிழங்கும் மீன்கறியும் காந்தாரி மிளகுச் சம்மந்தியும் வைத்து மதியம் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் ராத்திரி அந்தப் பாக்கெட் பாதிதான் காலியாகியிருக்கும் என்பது என் கணிப்பு. சில நாள் தொடாமலேயே இருந்திருக்கும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷம் நானும் அச்சடித்த டயட் தாளைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் பச்சை, வலது பக்கம் சிவப்பு. சிவப்பில் சோறு, கிழங்கு, தேங்காய், ஏத்தம்பழம், மட்டிப்பழம் எல்லாம். கடற்கரை ஊரிலிருந்து சர்க்கரைக்கு வந்த ஒரு பாட்டி, இரண்டாவது முறை வரும்போது அந்தத் தாளைத் திரும்பக் கொண்டுவந்தார். நாலாக மடித்து, ஓரத்தில் மஞ்சள் கறை, கீழ்முனையில் மீன் வாசம். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்திருக்கிறார். மேஜையில் விரித்து, ‘மக்களே, இதில எங்க ஊர் எங்கே இருக்கு?’ என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. விரலால் பச்சைப் பக்கத்தைத் தடவினார். ஓட்ஸ், பிரவுன் பிரெட், பனீர், ஆப்பிள். ‘இதொண்ணும் நாங்க திங்கியதில்ல. திங்கியதெல்லாம் இந்தச் சைடுல’ என்று சிவப்பைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘மருமவ இல்லாதப்போ திங்கேன்’ என்றார். எழுபது வயதுப் பெண்ணை அவர் வீட்டு அடுக்களையிலேயே திருடியாக்கியிருந்தேன். அந்தத் தாளை அன்றோடு நிறுத்தினேன். அவரிடம் கேட்டுக் கேட்டு, அவர் சாப்பிடுவதிலிருந்தே ஒரு நாள் சாப்பாட்டை உண்டாக்கினோம். காலையில் பழஞ்சி என்ற பழைய சோற்றுக்குப் பதில் பயறும் சின்னதாக ஒரு புட்டுக் குற்றியும், மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து மீனையும் முருங்கைக்கீரையையும் கூட்டி. ‘பழஞ்சியை விடமாட்டேன்’ என்று ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாதாடி வாங்கிக்கொண்டார். அவர் எடுத்த முடிவு என்பதால் அவரே அதைக் காத்தார்.

சரி, உங்களுக்கு என்ன செய்வது? சிப்ஸை நிறுத்த முயற்சி பண்ணாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்கு அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். காலைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். ரயிலுக்கு நேரமில்லை என்றால் புட்டும் பயறும் டப்பாவில் போட்டு வண்டியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அல்லது இரண்டு முட்டையும் ஒரு ஏத்தம்பழம் அவித்ததும். மதியம் சோறு வரட்டும், ஒரு கைப்பிடி குறைவாகவே வரட்டும், ஆனால் கூடவே மீனோ முட்டையோ கடலையோ, தட்டில் பாதி அளவுக்குத் தோரன், அவியல், கீரை என்று காய் வரட்டும். திரும்பி வரும் ரயிலில் ஏறும் முன் ஏதாவது ஒன்று கட்டாயம்: சுண்டல், வேர்க்கடலை, ஒரு மோர். வீட்டுக்குள் நுழையும்போது பசியில் கை நடுங்கக் கூடாது. (பாருங்கள், நானும் ஒரு ‘கூடாது’ போட்டுவிட்டேன்.)

முதல் வாரம் எடை ஒரு கிலோ கூடலாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தண்ணீர். தராசைக் கொஞ்ச நாளைக்குப் பரணில் ஏற்றி வையுங்கள். அதை வைத்து ஒவ்வொரு நாளையும் நல்ல நாள், கெட்ட நாள் என்று பிரிக்கிறவரைக்கும் பசி சொல்வது காதில் விழாது.

மூன்றாவது வாரம் சிப்ஸுக்கு வாருங்கள். ராத்திரி பதினொன்றுக்கு அல்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு, சாயாவோடு, எல்லோரும் இருக்கும்போது, தட்டில் போட்டு, உட்கார்ந்து. ஒவ்வொன்றாக. நின்றுகொண்டு இருட்டில் தின்பதில் ருசியே தெரியாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். பலர் என்னிடம் சொன்னது, ‘உட்கார்ந்து தின்னப்பதான் மேடம், எண்ணெய் காறின வாசம் தெரிஞ்சது, வச்சிட்டேன்’ என்பதுதான். சில நாள் முழுத்தட்டும் காலியாகும். அதுவும் பரவாயில்லை, மறுநாள் காலைச் சாப்பாட்டை மட்டும் வெட்டாதீர்கள். தண்டனையாகச் சாப்பாட்டைக் குறைத்த அந்த மறுநாளில்தான் அடுத்த பதினொரு மணி தயாராகிறது.

‘அப்படியென்றால் எதையும் எவ்வளவும் சாப்பிடலாமா, என் சர்க்கரை என்னாவது?’ என்று கேட்பீர்கள். நியாயம். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்திய கட்டம், 5.9 எச்சரிக்கை, நோய் இல்லை. கேரளத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதாக 2023ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. அதனால் அலட்சியமும் ஆகாது. ஆனால் வழி என்ன? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்து 2006ல் வெளியிட்டது. சாப்பாட்டையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை சொல்லும்படி இறங்கவில்லை. தராசு அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

இன்னும் பக்கத்தில், உங்கள் ரயில் தினமும் தாண்டிப்போகும் நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே சர்க்கரை நோயைத் தடுக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேர். மேலே இருந்து கட்டளை போடாமல், அந்தந்த ஊர்க்காரர் ஒருவரே முன்னின்று, பக்கத்து வீட்டுக்காரர்களோடு கூடி உட்கார்ந்து பேசி, தங்கள் இலக்கைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். 2018ல் முடிவு வந்தது. புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காய், பழம் சாப்பிடுவது கூடியது, வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. மாயம் எதுவும் நடக்காது. ஆனால் ஆறு வருஷ டயட்டில் உங்களுக்கு நடக்காதது அங்கே நடந்திருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பது, கிழங்கையும் சோற்றையும் ஒரே வேளையில் சேர்க்காமல் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்வது, முதலில் காயும் மீனும் தின்றுவிட்டு மாவுக்கு வருவது. மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பாருங்கள். மருந்து எடுப்பவராக இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் எதையும் மாற்றக்கூடாது. இந்தக் ‘கூடாது’ இருக்கட்டும்.

மகள் விஷயம் எனக்கு உங்கள் சர்க்கரையைவிடக் கவலை தருகிறது. குழந்தைகளுக்கு ஒரு பண்டத்தைக் கண்ணெதிரே வைத்துத் தடுத்தால் அதன் மேல்தான் நாட்டம் கூடும் என்று லீஆன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆராய்ச்சியாளரும் 1999லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எல்லின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் பிரித்துக் கொடுத்த வேலைப் பங்கீடு எனக்குப் பிடிக்கும்: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளை பொறுப்பு. நீங்கள் மேஜையில் அப்பமும் முட்டைக்கறியும் வையுங்கள். ஒன்றா மூன்றா என்பதை அவள் பார்த்துக்கொள்ளட்டும். ‘இது குண்டாக்குமா?’ என்றால் பாடம் நடத்த வேண்டாம், ‘பசிக்குதா? அப்ப தின்னு’ போதும். அதைவிட முக்கியம், அவள் கண்ணெதிரே நீங்கள் அப்பம் சாப்பிடுவது. ஆறு வருஷமாக அம்மா தட்டில் அவள் அப்பத்தைப் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் ‘கொஞ்சம் வச்சிட்டியே’ என்று உடம்பைப் பார்த்துச் சொல்லும் சொந்தக்காரர்களுக்கு, அவள் காதில் விழும்படி ஒருமுறை, ‘உடம்பைப் பத்திப் பேச வேண்டாம் சித்தி’ என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்றே ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதத்துக்கு மேலாக, நிறுத்த முடியாமல் பெருந்தீனி தின்று வேதனைப்படுவது 2013 முதல் மருத்துவ உலகம் தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கும் ஒன்று. தின்றுவிட்டு வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது இருந்தால் அது இன்னும் அவசரம். அப்படி இருந்தால் என் பதில் போதாது, மனநல மருத்துவரிடம் போகவேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை. மாமியார் கிழங்கு மசித்து, அயிலை மீன் கறி வைத்து, தட்டு நிறைய அள்ளிப் போடுகிறார். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது, தின்றால் உங்கள் நாள் வாடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இரண்டே வழி என்று நினைத்திருக்கிறீர்கள். தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள். ‘மாமி, கிழங்கு ரெண்டு கரண்டி போதும். அந்தத் தலைத்துண்டு எனக்கு, கறியும் கொஞ்சம் கூட ஊத்துங்க’ என்று சொல்லிப் பாருங்கள்.